உழைக்கும் பொருளும் உழைக்கும் மனிதரும்

ஒரு பொருள் நெடுநாள் கெடாமல் பயன் தந்தால், அது 'நன்றாக உழைக்கிறது' என்று சொல்வது நம் மக்களின் வழக்கு. சட்டை உழைக்கிறது, செருப்பு உழைக்கிறது, சைக்கிள் உழைக்கிறது. உயிரற்ற பொருளின்மீது மனிதச் செயலை ஏற்றிச் சொல்லும் இவ்வழக்கை வெறும் அணி என்று தள்ளிவிட முடியாது. ஒரு கருவி செய்யும் வேலை, அது இல்லாவிடில் மனிதர் ஒருவர் தம் உடலால் செய்யவேண்டிய வேலையே என்ற அறிவு அதில் உறைந்து கிடக்கிறது. பொருள் உழைக்காது நின்றுவிட்டால் அவ்வேலை யார் தலையில் விழுகிறது? பொருள் எவ்வளவு காலம் உழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார்? இவ்விரு வினாக்களையும் ஒரு சாதாரண வீட்டுப் பொருளை முன்வைத்து நாம் இங்கே ஆராய விரும்புகிறோம்.

அப்பொருள் வீட்டைச் சுத்தம் செய்யும் தூசு உறிஞ்சி. கடைகளில் வாக்குவம் கிளீனர் என்று கேட்டு வாங்கப்படுவது. தண்ணீரூற்றிலும் அதனை அடுத்த முள்ளியவளையிலும் மாதச் சம்பளம் பெறும் குடும்பங்களிடையே இப்பொருள் பற்றிய பேச்சு இப்போது எழுவதுண்டு. வாங்குவதா, வேண்டாமா? வாங்கினால் எது கனகாலம் உழைக்கும்?

இப்பேச்சைக் கேட்கும் நம் தோழர்களுட் சிலர் புன்னகை செய்யக்கூடும். அருகிலுள்ள கேப்பாப்பிலவு மக்கள் தம் சொந்தக் காணிகளை மீட்க 2017 இல் வீதியோரத்தில் போராட்டம் தொடங்க வேண்டியிருந்த மண்ணில், தூசு உறிஞ்சி பற்றி ஒரு கட்டுரையா என்று அவர்கள் வினவலாம். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆயினும் அதில் ஒளிந்திருக்கும் ஓர் எண்ணத்தை நாம் ஏற்க முடியாது. வீட்டுக்கு வெளியே நிகழ்வதே சமுதாயப் பிரச்சினை, வீட்டுக்குள் நிகழ்வது குடும்ப விவகாரம் என்ற எண்ணமே அது. வீட்டுக்குள்ளும் உழைப்பு நிகழ்கிறது. அவ்வுழைப்புக்குக் கூலி இல்லை என்பதனால் அது உழைப்பு இல்லை என்றாகிவிடாது.

வன்னி வீடுகளின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். போருக்குப் பின் மீளக் குடியேறிய குடும்பங்களுக்கு 2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வீதம் வழங்கப்பட்டது. சாணம் மெழுகிய மண் தரை இருந்த இடத்தில் பல வீடுகளுக்குச் சீமெந்துத் தரை வந்தது. வெளிநாட்டில் உறவினர் உள்ள வீடுகளிற் சிலவற்றில் பளிங்குபோன்ற ஓட்டுத் தரையும் வந்தது. தரை மாறிற்றே அன்றி, அதன்மேல் படியும் மண் மாறவில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் காலையில் கூட்டிய திண்ணை மாலையில் மீண்டும் மண் பூத்துக் கிடக்கும். முற்றத்துக்கு ஈர்க்கு விளக்குமாறு, உள்ளுக்குத் தும்புத்தடி என்ற இரு கருவிகளே பெரும்பாலான வீடுகளில் உள்ளன. அவற்றைக் கையில் ஏந்துபவள் பெண். அவள் தாயாக இருக்கலாம், மகளாக இருக்கலாம், போரில் கணவனை இழந்து தனியே குடும்பத்தைச் சுமப்பவளாக இருக்கலாம். பாடசாலையில் பகல் முழுதும் நின்று கற்பித்த ஆசிரியையாகவும் இருக்கலாம்.

விளக்குமாறு மலிவானது; கெட்டால் தென்னோலையில் ஈர்க்குக் கிழித்து இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். நீடித்து உழைக்கும் பொருள் இதைவிட வேறு ஏது என்று பழமையைப் போற்றுவோர் கேட்பர். இங்கேதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். விளக்குமாறு தேயாததுபோல் தோன்றுவதற்குக் காரணம், தேய்வது வேறொன்றாக இருப்பதே. நாள்தோறும் குனிந்து நிமிரும் முதுகு தேய்கிறது. தூசு புகும் நுரையீரல் தேய்கிறது. பொருளின் மலிவை உடலின் தேய்மானத்தால் ஈடுசெய்யும் ஏற்பாட்டைச் சிக்கனம் என்று புகழ்வது அறமாகாது. அன்றியும், கூட்டும் தொழிலையே இழிதொழிலாக்கி, அதைச் செய்வோரைச் சாதியின் பெயரால் தாழ்த்திய சமுதாயம் நம்முடையது. விளக்குமாற்றின்மேல் நமக்குக் கவிதை உணர்ச்சி தேவையில்லை.

தூசு உறிஞ்சியின் வரலாறே இதற்குச் சான்று தருகிறது. 1901 இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர் ஆக்கிய பொறி ஒரு வண்டியளவு பெரியது. குதிரை பூட்டிய வண்டியில் அது செல்வர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நீண்ட குழாய்கள் சாளரம் வழியே உள்ளே செல்லும். அவர் பொறியை வீடுகளுக்கு விற்கவில்லை. சுத்தம் செய்யும் சேவையையே விற்றார். கையில் தள்ளிச் செல்லத்தக்க மின்பொறியை ஆக்கியவர் வேறொருவர். ஜேம்ஸ் மறி ஸ்பாங்ளர் என்ற அவர், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கன்டன் நகரில் ஒரு பெரிய கடையைக் கூட்டித் துப்புரவு செய்த தொழிலாளி. ஆஸ்துமா நோயாளியான அவருக்குத் தரைவிரிப்பின் தூசு மூச்சை அடைத்தது. அந்த மூச்சுத்திணறலில் பிறந்த பொறிக்கு 1908 இல் காப்புரிமை கிடைத்தது. அவ்வுரிமை ஹூவர் குடும்பத்தாரின் கைக்குச் சென்றது. உலகெங்கும் பரவியது அவர்கள் பெயரே. தூசைத் தின்றவரின் பெயரை இன்று எத்தனைபேர் அறிவர்?

ஆகவே, இப்பொறி பிறப்பிலேயே ஆடம்பரப் பொருள் அன்று. உழைப்பாளி ஒருவர் தம் உடலைக் காக்கத் தேடிய வழி அது. ஆனால் அது வீட்டுக்குள் நுழைந்ததும் பெண்ணின் வேலை குறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் சுவாட்ஸ் கோவன் 1983 இல் வெளியிட்ட தமது நூலில் இதனை விளக்கினார். பொறிகள் பெருகியபோது வீட்டுச் சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்தது. முன்பு ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் பகிர்ந்த பல வேலைகள் தாய் ஒருத்தியின்மேல் வந்து குவிந்தன. பொறியை வாங்கிக் கொடுத்துவிட்டால் ஆண்மகன் தன் பங்கை முடித்துவிட்டான் என்று எண்ணுவதற்கு இவ்வரலாறு இடம் தரவில்லை.

பொறி வேண்டும் என்பதை ஏற்போம். இனி, அது உழைக்குமா என்பதே வினா. இதற்கு விடை காணப் பொறியைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

வீட்டுத் தூசு உறிஞ்சிகளிற் பெரும்பாலானவற்றின் உயிர் ஒரு சிறிய மோட்டாரில் இருக்கிறது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழலும் அம்மோட்டாரின் சுழல்பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்துபவை இரண்டு கரித்துண்டுகள். நம்மூர் மின்திருத்துநர் அவற்றைக் காபன் என்று சுருக்கமாகச் சொல்வர். சுழலும் செம்பின்மேல் உரசி உரசி அவை தேய்கின்றன. தேய்வதற்கென்றே அமைந்தவை அவை. தேய்ந்ததும் மாற்றிவிட்டால் மோட்டார் மீண்டும் ஓடும். மாற்ற வழியில்லாதபடி உறை ஒட்டப்பட்டிருந்தால், விரலளவு கரித்துண்டுக்காக முழுப் பொறியும் குப்பைக்குப் போகும். அடுத்தது வடிகட்டி. உறிஞ்சப்படும் காற்றே பெரும்பாலான வீட்டுப் பொறிகளில் மோட்டாரையும் குளிர்விக்கிறது. சாம்பலோ சீமெந்துத் தூளோ நுண்மணலோ வடிகட்டியை அடைத்துவிட்டால் மோட்டார் தன் வெப்பத்திலேயே வெந்துபோகும். வயரில்லாப் பொறிகளிலோ மின்கலமே முதலில் சாகும். சில நூறு தடவை ஏற்றி இறக்கியதும் லிதியம் மின்கலத்தின் வலு குறைந்துவிடும் என்பது அதன் இயல்பு. அம்மின்கலத்தைத் தனியே வாங்கி மாற்ற முடியாவிட்டால், மோட்டார் நலமாக இருந்தும் பயனில்லை.

இவற்றுள் எதுவும் மறைபொருளன்று. ஆனால் கடையில் நிற்பவருக்கு இவற்றுள் எதுவும் சொல்லப்படுவதில்லை. அவருக்குச் சொல்லப்படுவன பொறியின் நிறமும், அதன் வாட் அளவும், தவணைத் தொகையுமே. வாட் அளவு பொறி தின்னும் மின்சாரத்தைக் காட்டுமே தவிர, அது உறிஞ்சும் திறனையோ அதன் ஆயுளையோ காட்டாது.

ஆயுளுக்கு ஓர் எண் வகுக்கப்பட்ட இடமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் வகுத்த விதியின்படி, 2017 செப்ரெம்பர் முதல் அங்கு விற்கப்படும் தூசு உறிஞ்சியின் மோட்டார் குறைந்தது 500 மணிநேரம் இயங்க வேண்டும். அதன் குழாய் 40,000 தடவை வளைந்தும் உடையாதிருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்த எண்ணை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். அவர்களது மின்செலவுக் கணக்கு, ஆண்டுக்கு 50 தடவை வீட்டைச் சுத்தம் செய்வதாகக் கொண்டது. அதாவது ஏறத்தாழ வாரம் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஒரு மணிநேரம் என்று வைத்தால் 500 மணிநேரம் 10 ஆண்டுக்குப் போதும். தண்ணீரூற்றில் வாரம் ஒருமுறை கூட்டும் வீடு எது? நாள்தோறும் அரை மணிநேரம் இயக்கினால் அதே மோட்டாரின் 500 மணிநேரம் 1,000 நாளில் முடிந்துவிடும். மூன்று ஆண்டுகூட நிறையாது. பொறி ஒன்றே, எண் ஒன்றே. ஆனால் ஒருவருக்குப் 'பத்தாண்டு உழைக்கும்' பொருள், மற்றவருக்குத் தவணை கட்டி முடிந்த சிறிது காலத்திலேயே நின்றுவிடக்கூடிய பொருள். நீடித்த உழைப்பு என்பது பொருளின் உள்ளே மட்டும் குடியிருக்கும் குணம் அன்று என்பதை இக்கணக்கு நமக்கு உணர்த்துகிறது. யாருடைய வீட்டை, யாருடைய வாழ்க்கையை அளவாகக்கொண்டு அது ஆக்கப்பட்டது என்பதும் அதில் அடங்கும்.

அளவை வகுப்பவர்கள் எப்போதும் நன்மையே கருதி வகுப்பார்கள் என்று எண்ணவும் வரலாறு இடம் தரவில்லை. 1924 டிசம்பரில் ஜெனீவாவில், ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பெரும் மின்குமிழ்க் கம்பனிகள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை நிறுவின. சந்தையைத் தமக்குள் பங்கிட்டதோடு, குமிழின் ஆயுளை 1,000 மணிநேரம் என்றும் வரையறுத்தன. அதற்கு முன் 1,500 மணிநேரமும் அதற்கு மேலும் எரிந்த குமிழ்கள் சந்தையில் இருந்தன. வரையறைக்கு மேல் எரியும் குமிழை ஆக்கிய உறுப்பினர் அபராதம் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பொருள் அதிகம் உழைத்தமைக்குத் தண்டம்! நியாயத்தின்பொருட்டு எதிர்வாதத்தையும் சொல்லுதல் வேண்டும். நீண்ட ஆயுளுக்கென ஆக்கிய இழைக் குமிழ் அதே மின்சாரத்துக்குக் குறைந்த ஒளியே தரும் என்பது உண்மை. 1,000 மணிநேரம் ஒரு நியாயமான சமரசமே என்ற கருத்தைப் பிரித்தானிய ஏகபோக ஆணைக்குழு 1951 இல் ஏற்றது. இருக்கட்டும். அச்சமரசம் சரியானதாகவே இருந்தாலும், அதைச் செய்தவர்கள் யார்? விளக்கின் கீழ் படித்தவர்களும் தைத்தவர்களும் அந்த அறையில் இருக்கவில்லை. ஆயுளா ஒளியா என்று தெரிவுசெய்யும் உரிமை விலைகொடுப்பவரிடமிருந்து பறிக்கப்பட்டு, இலாபம் பெறுபவரின் கையில் வைக்கப்பட்டது. அநீதி 1,000 என்ற எண்ணில் இல்லை. மூடிய கதவில் இருக்கிறது.

சில ஆண்டுகளின் பின் இதனை வெளிப்படையாகவே போதித்தவரும் உண்டு. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1932 இல், பேர்னாட் லண்டன் என்ற அமெரிக்கர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பொருள்களுக்குச் சட்டப்படி ஆயுட்காலம் குறித்து, காலம் முடிந்ததும் அவற்றை அரசு அழித்துவிட்டால் ஆலைகள் மீண்டும் இயங்கும் என்பது அவர் யோசனை. பசித்தவர் நிறைந்த நாட்டில் பொருள்களைக் கொன்று வேலை உண்டாக்கும் இவ்யோசனை எந்தச் சட்டமன்றத்திலும் நிறைவேறவில்லை. ஆனால் சட்டமின்றியே அது நடைமுறையாயிற்று என்பதை வான்ஸ் பக்காட் 1960 இல் எழுதிய நூல் காட்டியது. அதற்கும் முன்பே மார்க்ஸ், பொறிகள் பௌதிகத் தேய்மானத்தோடு இன்னொரு தேய்மானத்துக்கும் உள்ளாகின்றன என்று கூறினார். புதிய பொறி, மலிவான பொறி வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பொறியின் மதிப்பு வீழ்ந்துவிடுகிறது. இதனை அவர் 'ஒழுக்கத் தேய்மானம்' என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். ஆலைப் பொறிக்கு அவர் கூறியதை இன்று வீட்டுப் பொறிக்கும் விரித்துக் காணலாம். ஆலை முதலாளிக்கு அத்தேய்மானம் போட்டியின் விளைவாக வந்தது. வீட்டுக்காரருக்கோ அது விளம்பரமாகவும், கிடைக்காத உதிரிப்பாகமாகவும் வந்து சேர்கிறது.

பொறியை ஆக்குபவரையும் நாம் மறத்தலாகாது. பிரித்தானியாவின் புகழ்பெற்ற தூசு உறிஞ்சிக் கம்பனியான டைசன், 2002 இல் தன் உற்பத்தியை மலேசியாவுக்கு மாற்றியது. அங்கு அதற்குப் பொருள் ஆக்கிக்கொடுத்த ஒரு தொழிற்சாலையில் வேலைசெய்த நேபாள, வங்காளதேசப் புலம்பெயர் தொழிலாளர் சிலர், தாம் கட்டாய உழைப்புக்கு உள்ளானதாகக் கூறி 2022 இல் இலண்டனில் வழக்குத் தொடுத்தனர். கம்பனி பொறுப்பை மறுத்தது. வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. குற்றச்சாட்டின் உண்மையைத் தீர்மானிப்பது நமது வேலை அன்று. ஆனால் பொருள் எவ்வளவு உழைக்கும் என்று கேட்கும் நாம், அதை ஆக்கியவர் எவ்வாறு உழைத்தார் என்று கேளாமலிருப்பது அரை அறமே. மூன்று ஆண்டுக்கொருமுறை புதுப்பொறி வாங்கும் உலகம், அத்தொழிற்சாலைகளின் அவசரத்தையும் மூன்று மடங்காக்குகிறது.

இவ்வளவும் தூரதேசத்துச் செய்திகள் என்று தோன்றலாம். பொருளை உழைக்க வைப்பது எப்படி என்பதில், வன்னி மக்கள் யாரிடமும் பாடம் கேட்கவேண்டியவர்கள் அல்லர். 1990 முதல் பொருளாதாரத் தடை இறுகிய ஆண்டுகளில் எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்ட பொருள்களாயின. அப்போது ஜாம் போத்தல் விளக்கில் துளித்துளியாக மண்ணெண்ணெய் எரித்துப் பிள்ளைகள் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்து மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். பெற்றோல் பொறிகள் மண்ணெண்ணெய்யில் ஓடக் கற்றன. காலால் மிதிக்கும் தையல் இயந்திரமோ மின்சாரமே இல்லாமல் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அவ்வியந்திரம் முதலாளித்துவத்தின் பிள்ளையே. 1877 இல் இலங்கைக்கு வந்த சிங்கர் கம்பனி அதைத் தவணைமுறையில் விற்றுப் பெயர்பெற்றது. ஆயினும் அது தலைமுறை கடந்து உழைத்தது. காரணம் என்ன? அதன் சக்கரமும் வாரும் ஊசியும் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் விடும் துளைகள் வெளியே இருக்கும். கழற்றிப் பூட்ட ஒரு திருப்புளி போதும். விற்றவரின் நற்குணத்தால் அன்று, மக்களின் கைக்குத் திறந்திருந்தமையால் அது உழைத்தது.

இத்திறமையைப் புகழும்போதே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தடைக்காலத்து ஆக்கத்திறன் விரும்பி மேற்கொண்ட கலை அன்று. கழுத்தை நெரித்தபோது எடுத்த மூச்சு. அத்திறமையாற் காத்த பொருள்களும் நிலைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் வாழ்ந்தோரும் கையில் எடுக்க முடிந்ததோடு போயினர். 2008 இன் இறுதியிலிருந்து 2009 மே 18 வரை ஏனையோர் உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டுப் பொருளை ஏற்றி, இடம்பெயர்ந்த ஒவ்வொரு தரிப்பிலும் சிறிது சிறிதாக இறக்கி விட்டுவிட்டு, வெறுங்கையராய் முள்ளிவாய்க்காலைக் கடந்தனர். பொருள் நிலைக்க வேண்டுமாயின் முதலில் ஊர் நிலைக்க வேண்டும். நீடித்து உழைக்கும் பொருளைத் தேடும் ஆசை இம்மண்ணில் வெறும் சிக்கன ஆசை அன்று. இனியாவது நிலையாக வாழலாம் என்ற நம்பிக்கையின் சிறு வடிவமும் ஆகும்.

அந்நம்பிக்கையையே சந்தை விலைபேசுகிறது. 2009 இன் பின் வீதி வந்தது. மின்சாரம் படிப்படியாக வந்தது. அவற்றோடு தவணைக்கடையும் நுண்கடன் முகவரும் வந்தனர். வாரந்தோறும் கடன் கட்டமுடியாது தவித்த பெண்களின் துயரம் எத்தகையதெனில், வறட்சி பாதித்த மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட அவர்களது நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018 இல் அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2022 இல் டொலரின் விலை சில மாதங்களில் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, இறக்குமதிப் பொருளும் அதன் உதிரிப்பாகமும் எட்டாக்கனியாயின. இந்நிலையில் வாங்கிய பொறி இரண்டாண்டில் நின்றால் நிகழ்வது என்ன? பெண் மீண்டும் தும்புத்தடியை எடுக்கிறாள். நின்றுபோன பொறியின் கடனையும் கட்டுகிறாள். பொறி மீதப்படுத்துவதாகச் சொன்ன உழைப்பு அவளிடமே திரும்பி வருகிறது, வட்டியோடு.

அப்போது அவளுக்குச் சொல்லப்படும் ஆறுதல் யாது? "மலிவானதைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான்" என்பது. விலை உயர்ந்த நல்ல பொருளை வாங்க ஒருமுறை பெருந்தொகை இல்லாதவரே மலிவான பொருளை மும்முறை வாங்குகின்றனர். வறுமையின் விளைவை அறியாமையின் விளைவாக மாற்றிக் காட்டும் இவ்வுரை, ஆக்கியவரையும் விற்றவரையும் விடுவித்து, ஏமாந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. நன்றாகத் தெரிந்து வாங்குதல் ஒரு நற்பழக்கம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தனிமனித நற்பழக்கத்தைக்கொண்டு ஒரு சமுதாய அநீதியை ஈடுசெய்ய முடியாது.

அவ்வாறாயின் நாம் எதைத் தெரிவது? வாங்கும் நிலையில் உள்ளோர் கடையில் கேட்கவேண்டிய சில கேள்விகள் உண்டு. உறை திருகாணியால் பூட்டப்பட்டதா, ஒட்டப்பட்டதா? காபன் தனியே கிடைக்குமா? தூசுப்பை கழுவிப் பயன்படுத்தும் துணிப்பையா, கொழும்பிலிருந்து வரவழைக்கவேண்டிய கடதாசிப்பையா? மின்கலம் உண்டெனில் அதைக் கழற்றலாமா? முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இதைத் திருத்துபவர் உண்டா? பட்டறைகளில் பயன்படும் உருளை வடிவப் பொறி அழகற்றது, ஓசை மிக்கது. ஆனால் ஈரமும் உலர்வும் உறிஞ்சும் அவ்வகைப் பொறிகள் பலவற்றில், மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று தூசுக்காற்றோடு கலவாமல் தனிவழியே செல்கிறது. நம் மண்ணுக்கு அது ஏற்றது. இக்கேள்விகள் யாவும் முடிவில் ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன: விலைகொடுத்து வாங்கிய பொருளைத் திறக்கும் உரிமை நமக்கு உண்டா?

நீடித்து உழைத்தல் என்பது இவ்வுரிமையின் மறுபெயரே என்பது நமது துணிபு. இதற்கு நம் நிலத்திலேயே சான்று இருக்கிறது. வன்னியின் குளங்கள் நூற்றாண்டுகள் நின்றமைக்குக் காரணம் அணைக்கட்டின் மண் வலிமை மட்டுமன்று. ஆண்டுதோறும் அதைக் கட்டிக் காத்த ஊராரின் கடப்பாடு. 1832 இல் இராசகாரிய முறை ஒழிந்தபோது கட்டாய உழைப்பு ஒழிந்தது, அது நன்றே. ஆனால் குளத்தைப் பேணும் கூட்டுக் கடமையும் அதனோடு தளர்ந்து, குளங்கள் தூர்ந்தன என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். பழைய நீர்ப்பாசன வழக்கங்களை மீட்க 1856 இல் தனிச்சட்டமே இயற்றவேண்டி வந்தது. ஆண்டானின் கட்டளையின்றி, கூட்டுப் பொறுப்பால் பொருளைக் காப்பது எவ்வாறு? அன்று குளத்துக்கு எழுந்த அவ்வினா இன்று பொறிக்கும் எழுகிறது.

உலகில் இதற்கான முயற்சிகள் தொடங்கியுள்ளன. பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்தலைப் பிரான்ஸ் 2015 இல் குற்றமாக்கியது. பொருளைத் திருத்துவது எவ்வளவு எளிது என்பதை மதிப்பெண்ணாக விலைச்சீட்டின் அருகே காட்டும் முறையை 2021 இல் கொண்டுவந்து, 2022 நவம்பரில் அதைத் தூசு உறிஞ்சிகளுக்கும் விரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்தும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, அதன் நடைமுறைத் திகதியாக 2026 யூலை 31 ஐக் குறித்தது. நம் நாட்டிலோ, விற்ற பொருள் அதன் நோக்கத்துக்குத் தகுதியாக இருத்தல் வேண்டும் என்ற கருத்து 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்திலேயே உள்ளது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. உதிரிப்பாகம் இத்தனை ஆண்டு கிடைத்தாக வேண்டும், திருத்தும் குறிப்பு தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும் என்று கேட்பதற்கு இவை தொடக்கப்புள்ளிகள் ஆகலாம். கேட்பவர் வேண்டும். தனியாளாகக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஆசிரியர் சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் மாதர் அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து கேட்டால் எண்ணிப் பார்ப்பார்.

கேட்பதோடு நில்லாது செய்யவும் வழி உண்டு. பூத் தம் முதற் பொறியை வீடு வீடாகக் கொண்டுசென்றது இலாபத்துக்காக. ஒரு நல்ல பொறியைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பேணுவது இலாபமின்றியும் இயலும். பொதுப் பொருளைப் பேணுவார் இல்லை என்ற அச்சம் உண்மையே; பேணும் பொறுப்பை முறைவைத்துப் பெயர் குறித்து ஒப்படைத்தால் அது தீரும். அம்முறையில் ஆண்களின் பெயரும் இருக்கட்டும். க.பொ.த. உயர்தரத்தில் 2013 இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவில் நம் மாணவர் பலர் மோட்டாரைப் பற்றிப் படிக்கின்றனர். ஊரில் நின்றுபோய்க் கிடக்கும் பொறி ஒன்றை வகுப்பறை மேசையில் வைத்துத் திறந்து, தேய்ந்த காபனை மாணவியொருத்தி தன் கையால் மாற்றி ஓடவைப்பாளாயின், அப்பாடம் எந்தப் பரீட்சைத்தாளிலும் அடங்காது.

பொருள் மட்டும் உழைத்தால் போதாது. அதை ஆக்கியவர் அடிமையாகாமலும், அதைக் கொண்டு வேலைசெய்பவள் முதுகு ஒடியாமலும், வாங்கியவர் கடனில் அமிழாமலும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் கூடிய பொருளே உண்மையில் நெடுநாள் உழைக்கும் பொருள். அத்தகைய பொருள் இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. அதைக் கடையில் வைக்கச் செய்வது, ஒன்றுபட்டுக் கேட்கும் நம் கையில் இருக்கிறது.